மலையிலிருந்து கொடிசியாவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளும், புத்தகப் பைத்தியங்கள் சிலரும் சேர்ந்து ஆனி, ஆடியில் கோவைக்கு வேன் பிடிப்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. போகும் இடம் அவிநாசி சாலையில் உள்ள கொடிசியா கண்காட்சி வளாகம்; வேளாண் கண்காட்சியும் புத்தகத் திருவிழாவும் நடப்பது அங்கேதான். சீட்டுக்குப் பெயர் கொடுக்கும்போதே ஆளாளுக்குக் கேள்வி வரும். எதற்கு இவ்வளவு தூரம் என்பதில் தொடங்கி, ஊட்டியிலேயே ஒன்று கட்டிவிட்டால் என்ன என்பது வரை போகும். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொடிசியா என்றால் என்ன? அரசுக் கட்டடமா?

இல்லை. கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் வருவதுதான் கொடிசியா. சங்கம் 1969-ல் தொடங்கியது. பம்பு, மோட்டார், கிரைண்டர், வார்ப்படம், நெசவு இயந்திர உதிரிபாகம் என்று சின்னச் சின்னப் பட்டறை வைத்திருந்தவர்களின் சங்கம். அவர்கள் கட்டிய கண்காட்சி வளாகம் 1999-ல் திறக்கப்பட்டது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது, நடுவில் தூணே இல்லாத அந்தப் பெரிய கூடம்தான். லாரி நேராக உள்ளே வந்து இயந்திரத்தை இறக்கிவிட்டுப் போகலாம்.

இப்படி ஒரு கூடம் ஊருக்கு என்ன செய்துவிடும்? நாலு நாள் கண்காட்சி, மிச்ச நாள் பூட்டுதானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு பம்பு செய்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். மும்பையிலோ டெல்லியிலோ கடை எடுத்து, சரக்கை லாரியில் ஏற்றி, ஆட்களை ஒரு வாரம் அங்கே தங்கவைக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. உள்ளூரிலேயே கூடம் இருந்தால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் கடை ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். வாங்குகிறவன் அவரைத் தேடி வருவான். வந்தவன், அப்படியே கணபதியிலோ பீளமேட்டிலோ உள்ள பட்டறையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவான். கூடத்தின் உண்மையான வேலை இதுதான்.

இதைச் சுற்றிப் பிழைக்கிற தொழில்கள் கணக்கில் வருவதே இல்லை. தடுப்புப் பலகை நிறுத்திக் கடை அமைப்பவர்கள், ஒரே இரவில் வயரிங் முடிக்கும் எலக்ட்ரீஷியன்கள், பிளெக்ஸ் அடிப்பவர்கள், லாட்ஜ், மெஸ், கால் டாக்ஸி. கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய ராத்திரி அங்கே போய்ப் பார்க்க வேண்டும். தரை முழுக்கக் கேபிள், ஏணி, மரத்தூள். பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வந்திருக்காது. காலையில் ரிப்பன் வெட்டும்போது எல்லாம் பளிச்சென்று இருக்கும்.

பூட்டிக் கிடப்பதும் இல்லை. ‘இன்டெக்’ என்ற இயந்திரக் கண்காட்சி, ‘அக்ரி இன்டெக்ஸ்’ என்ற வேளாண் கண்காட்சி, புத்தகத் திருவிழா, வீடு கட்டுபவர்களுக்கான கண்காட்சி, கட்சிக் கூட்டம் என்று மாறி மாறி ஏதாவது நடக்கும். கொரோனா காலத்தில் கட்டில் போட்டு நோயாளிகளை வைத்துப் பார்த்ததும் இந்தக் கூடங்களில்தான். அத்தனை படுக்கையை ஒரே கூரையின் கீழ் போட வேறு இடம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

2010-ல் நடந்த பெரிய மாநாடு இங்கேதானே?

ஆமாம். உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு, 2010 ஜூன் 23 முதல் 27 வரை. குடியரசுத் தலைவராக இருந்த பிரதிபா பாட்டீல் தொடங்கி வைத்தார். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலாவுக்கு விருது கொடுத்தார்கள். தமிழ் இணைய மாநாடும் அதே நாட்களில் அங்கேயே நடந்தது. இன்று நாம் கைப்பேசியில் தமிழைத் தட்டுகிறோமே, அதற்குப் பின்னால் உள்ள எழுத்துரு, குறியாக்கச் சண்டைகளில் பல இதுபோன்ற கூட்டங்களில் பேசப்பட்டவை.

மாநாட்டைச் சாக்காக வைத்துத்தான் கோவையில் பல சாலைகள் அகலமாயின. காந்திபுரத்தில் சிறை இருக்கும் இடத்தில் செம்மொழிப் பூங்கா வரும் என்று அப்போது அறிவித்தார்கள். திறக்க 2025 நவம்பர் ஆகிவிட்டது. பெரிய மாநாடு ஒரு ஊருக்குச் செய்யும் நன்மையின் வேகம் இது. என்னைக் கேட்டால், மாநாட்டைவிட வருடா வருடம் வருகிற சாதாரணக் கண்காட்சிகள்தான் கோவைக்கு அதிகம் கொடுத்திருக்கின்றன.

கோவையை ஆற்றங்கரை நகரம் என்கிறார்களே, ஆற்றைக் காணோமே?

குசும்பான கேள்விதான், ஆனாலும் நியாயமானது. ஆறு இருக்கிறது. பெயர் நொய்யல். வெள்ளிங்கிரி மலைப் பக்கம் பிறந்து, பேரூர் வழியாகக் கோவையின் தெற்கு ஓரத்தைத் தொட்டு, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் சேருகிறது. இதிலிருந்து வாய்க்கால் வெட்டி உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று குளங்களைத் தொடுத்து வைத்தார்கள் பழைய ஆட்கள். கோவை வளர்ந்தது அந்தக் குளங்களை நம்பித்தான். மழைக்காலம் தவிர மற்ற நாளில் நொய்யலில் ஓடுவது பெரும்பாலும் ஊரின் கழிவுநீர் என்பதும் உண்மை.

அப்போது கோவை குடிப்பது எந்தத் தண்ணீர்?

இங்கேதான் நம் கதை வருகிறது. சிறுவாணித் தண்ணீர் புகழ் பெற்றது. அந்த அணை கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. நகரம் பெருத்த பிறகு சிறுவாணி மட்டும் போதவில்லை. பில்லூரிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு என்று போய் 2024-ல் மூன்றாவது பில்லூர் திட்டமும் வந்துவிட்டது.

பில்லூர் அணை பவானியின் மேல் இருக்கிறது. பவானி தொடங்குவது நம் நீலகிரியில், அப்பர் பவானிப் பக்கம். கேரளத்துக்குள் போய் அட்டப்பாடியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா மின்நிலையங்களில் ஒவ்வொன்றாக இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டு, கடைசியில் பில்லூருக்குத்தான் வந்து சேருகிறது. மஞ்சூர்க்காரர் ஒருவர் கொடிசியாவில் கை கழுவும்போது, ‘இது நம்மூரிலிருந்து நமக்கு முன்னாலேயே கிளம்பி வந்துட்டுது’ என்றார். குழாயில் வந்தது பில்லூரா, ஆழ்துளைக் கிணறா என்று நான் விசாரிக்கவில்லை. சொன்னது பொதுவில் சரி.

குன்னூர் ஆற்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது பில்லூருக்குப் போகாது. மலையிறங்கி மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேரும். பேருந்து நிலையத்துக்கு அருகே அந்த ஆற்றில் நாம் என்னென்ன போடுகிறோம் என்பது நமக்கே தெரியும். கோவைக்காரர்கள் நொய்யலைக் கெடுத்ததைப் பற்றி வேனில் உரக்கப் பேசுகிறவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

ஊட்டியிலேயே ஒரு கொடிசியா கட்டினால் என்ன? நாம் எதற்கு எழுபது கிலோமீட்டர் இறங்க வேண்டும்?

அதிகம் வருகிற கேள்வி இது. என் பதில்: வேண்டாம்.

முதலில் சட்டம். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் வந்தது. சரிவு, ஓடை, காடு எல்லாம் பார்த்துத்தான் அனுமதி. பொக்லைன் ஓட்டவே தனி அனுமதி வேண்டும். தூணில்லாத கண்காட்சிக் கூடத்துக்கு உயரமான கூரை வேண்டும். ஏக்கர் கணக்கில் ஒரே மட்டத்தில் தரை வேண்டும். நம் ஊரில் அவ்வளவு சமதரை இயற்கையாகக் கிடையாது. ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் கொட்டித்தான் உண்டாக்க வேண்டும். கொட்டிய மண் மழையில் என்ன செய்யும் என்று 2009 நவம்பரைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு மழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்து போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

உடனே, ‘ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் சமமாகத்தானே இருக்கிறது, 2024-ல் அரசு அதை எடுத்துக்கொண்டதே’ என்பார்கள். இருக்கிறது, 50 ஏக்கருக்கு மேல். அங்கே பசுமைப் பூங்கா அமைப்பது திட்டம். அது சமமாக இருப்பதற்குக் காரணமே பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் இருப்பதுதான். கோடப்பமந்து கால்வாய் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. பலத்த மழை வந்தால் பேருந்து நிலையப் பகுதியில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மழைநீர் வந்து நின்று இளைப்பாறுகிற இடத்தில் கான்கிரீட்டைப் போட்டுவிட்டு, பிறகு தண்ணீர் கடைக்குள் வந்துவிட்டது என்று புலம்பக் கூடாது.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். இவ்வளவு பெரிய கூடம் பிழைக்க வேண்டுமானால் பக்கத்தில் விமான நிலையம் வேண்டும், லாரி திரும்ப அகலமான சாலை வேண்டும், கடை எடுக்க ஆயிரக்கணக்கில் பட்டறைகள் வேண்டும். கோவையில் இந்த மூன்றும் கூடத்துக்கு முன்பே இருந்தன. நம்மிடம் இருப்பது பதினான்கு கொண்டை ஊசி வளைவு. கண்காட்சிக்காக வரும் நாற்பதடி கன்டெய்னரை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் சாலையில் உள்ள பர்லியாறு தாண்டி ஏற்றிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

மலையில் மாநாடே நடப்பதில்லையா என்ன?

நடக்கிறது, நம் அளவுக்கு. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி 1893-ல் தொடங்கியது. தலைமையகம் குன்னூர் கிளன்வியூவில். ஆண்டு மாநாடு அங்கேயே நடக்கும். தேயிலை விலை, கூலி, ஏற்றுமதி என்று நம் பச்சைத்தேயிலையின் தலையெழுத்தைத் தொடும் பேச்செல்லாம் அந்தக் கூடத்தில் நடக்கும். சிறு விவசாயிக்கு அதில் இடம் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

மற்றபடி மலைக்கு உரிய வடிவம் திறந்தவெளிதான். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் 1896-லேயே மலர்க் காட்சி தொடங்கிவிட்டது. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, கூடலூரில் வாசனைப் பொருட்கள். பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு எத்தனை ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) ஜனம் கூடுகிறது! அதற்கு யாரும் கூரை கேட்டதில்லை. கோடை மழை வந்து மலர்க் காட்சிப் பந்தலை நனைப்பதுதான் ஒரே சங்கடம்.

வேளாண் கண்காட்சியில் தேயிலைக்காரனுக்கு என்ன இருக்கிறது? எல்லாம் தென்னைக்கும் மாட்டுக்கும்தானே?

பாதிக்கு மேல் அப்படித்தான். பொள்ளாச்சித் தென்னை, சொட்டுநீர், டிராக்டர், பால் கறக்கும் இயந்திரம். டிராக்டர் வரிசையில் நம் ஆட்கள் படம் எடுத்துக்கொள்வதோடு சரி. பார்க்க வேண்டியது சிறு இயந்திரங்கள் உள்ள பக்கம்: பேட்டரியில் ஓடும் கவாத்துக் கத்தரி, களை வெட்டி, கொழுந்து பறிக்கும் இயந்திரம், முதுகில் மாட்டும் தெளிப்பான்.

போன தடவை ஒரு கடையில் பறிக்கும் இயந்திரத்தை மேசைமேல் வைத்து ஓட்டிக் காட்டினார்கள். செடிக்குப் பதிலாக ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. கடைக்காரப் பையன் சிரித்த முகமாக, ‘ஒரு மணி நேரத்துல பத்து ஆள் வேலை சார்’ என்றான். எங்களுடன் வந்த கட்டபெட்டுக்கார அக்கா ஒருவர் பேட்டரிப் பையை வாங்கித் தோளில் மாட்டினார். இரண்டு எட்டு நடந்தார். குனிந்தார். ‘தம்பி, இது சமதரைக்கு. நான் நிக்கிற காடு இப்படி இருக்கும்’ என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். ‘ஒரு கை செடியைப் பிடிச்சுக்கணும். இன்னொரு கையிலே இதைத் தூக்க முடியுமா?’ பையனுக்குப் பதில் தெரியவில்லை. உள்ளேயிருந்து பொறியாளரைக் கூட்டி வந்தான். அவர் நோட்டை எடுத்துச் சரிவு எவ்வளவு, செடிக்குச் செடி இடைவெளி எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். இதற்காகத்தான் போக வேண்டும் என்கிறேன். செய்கிறவன் எதிரே நிற்கிறான், கேட்கலாம். கடையில் வாங்கினால் விற்கிறவனைத்தான் பார்க்க முடியும்.

கேரட் போடும் கேத்தி பாலாடாக்காரர்கள் கழுவும் இயந்திரத்தை விசாரியுங்கள். தண்ணீர் குறைவாகப் பிடிக்கும் மாடல் இருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும். மானியம் என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்கு வந்து தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் அந்த மாடல் மானியப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்ட பிறகு கொடுங்கள்.

புத்தகத் திருவிழாவும் அதே நேரமா?

அதுவும் பெரும்பாலும் ஜூலையில்தான். இரண்டும் ஒரே நாளில் அமையாது. அதனால் விவசாயிகள் வேன் தனி, வாசகர்கள் வேன் தனி. ஊட்டியிலும் மாவட்ட நிர்வாகம் புத்தகத் திருவிழா நடத்துகிறது, அதற்கும் போங்கள். கோவையில் கடைகள் அதிகம், சின்னப் பதிப்பகங்களும் வரும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் ஒரு முழுச் சுற்று, வாங்காமல். இரண்டாம் சுற்றில் வாங்கட்டும். இல்லாவிட்டால் முதல் கடையிலேயே காசு தீர்ந்துவிடும்.

எப்படிப் போவது? மலை ரயிலில் போகலாமா?

போகலாம், கண்காட்சி முடிந்த பிறகு போய்ச் சேரலாம். ஊட்டியில் மதியம் கிளம்பும் ரயில் மேட்டுப்பாளையம் வரும்போது மாலையாகிவிடும். யுனெஸ்கோ கொடுத்த உலகப் பாரம்பரியப் பட்டத்தை மதித்து இன்னொரு நாள் ஏறுங்கள்.

பேருந்து என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவைக்குப் பாசஞ்சர் ரயிலோ பேருந்தோ பிடித்து, அவிநாசி சாலையில் போகும் டவுன் பஸ்ஸில் ஹோப் காலேஜ் தாண்டிக் கொடிசியா நிறுத்தம். வேன் ஓட்டுநர்களுக்கு ஒரு யோசனை: காந்திபுரம் போகவே வேண்டாம். துடியலூரில் திரும்பி, சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாகச் சிட்ரா போய்ச் சேர்ந்தால் அவிநாசி சாலை வந்துவிடும். உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். ஆனால் முழுவதும் மேலேயே போய்விட்டால் கொடிசியாவைத் தாண்டிவிடுவீர்கள். இறங்குதளத்தைப் பார்த்து இறங்குங்கள்.

கோவை வெயில் தாங்குமா?

ஜூலையில் காற்று இருக்கும், தாங்கும். ஸ்வெட்டரை வேனிலேயே கழற்றி வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க: மலையில் ஏறி இறங்கிப் பழகிய காலுக்கு, கான்கிரீட் தரையில் நாள் முழுக்க நடப்பது வேறு விதமாக வலிக்கும்.

திரும்பும்போது செக்போஸ்டில் ஏன் பையைக் கிண்டுகிறார்கள்?

கண்காட்சியில் கடைக்குக் கடை கேட்லாக் கொடுப்பார்கள், பிளாஸ்டிக் கவரில் போட்டு. சாப்பாட்டுக் கூடத்தில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இரண்டும் நீலகிரிக்குள் வரக் கூடாது. 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை. பர்லியாறிலும் குஞ்சப்பனையிலும் பிடித்தால் அபராதம். ‘நாங்க உள்ளூர்’ என்பது எடுபடாது. துணிப்பை இரண்டு கொண்டுபோங்கள். கவரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளை மட்டும் வாங்குங்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில்.

இ-பாஸ் நமக்கும் உண்டா?

இ-பாஸ் என்பது வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்குக் கிடையாது, அரசுப் பேருந்துக்கும் கிடையாது. கோவைப் பதிவு வேனை வாடகைக்கு எடுத்தால் திரும்பி ஏறும்போது கேட்பார்கள். முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

இதில் கொடிசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கோவையில் மாநாட்டுக்கு வருகிறவர்கள் முடிந்ததும் ‘அப்படியே ஊட்டி’ என்று ஏறிவிடுவார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் இ-பாஸைக் கொண்டுவந்து, 2025 ஏப்ரலில் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தது. மாநாட்டு விருந்தினர்கள் இருபது காரில் வராமல் ஒரு பேருந்தில் வந்தால் நமக்கும் நல்லது, அவர்களுக்கும் பர்லியாறில் நிற்க வேண்டியதில்லை. கோவையில் கூட்டம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அழைப்பிதழில் ஒரு வரி சேர்க்கலாம்.

வேடிக்கை பார்க்கத்தான் போகிறோமா? நாமே கடை போட முடியாதா?

போடலாம், போட வேண்டும். இத்தனை வருடமாக நாம் அங்கே வாங்குகிறவர்களாக மட்டும் போய் வருகிறோம். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கும் தோடர் பூவேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. தேன் இருக்கிறது, மிளகு இருக்கிறது, இன்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இலையைத் தொழிற்சாலைக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டு, விலை எவ்வளவு என்று மாதக் கடைசியில் தெரிந்துகொள்ளும் நமக்கு, பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்து ‘எவ்வளவுங்க?’ என்று கேட்கும் கோவைக்காரரை நேரில் சந்திப்பது புது அனுபவமாக இருக்கும்.

தனி ஆளுக்குக் கடை வாடகை கட்டாது. நாலைந்து சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்து ஒரு கடை எடுத்தால் கட்டும். இடம் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஜூலைக் கண்காட்சிக்குத் தை, மாசியிலேயே விசாரிக்க வேண்டும். உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும், மறக்காதீர்கள். ஆர்வம் உள்ள குழுக்கள் பெயர் கொடுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

மழை என்றால் பயணம் ரத்தா?

ஜூலை மழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம்தான் வெளுக்கும். குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய தொந்தரவு இராது. ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் கண்காட்சிகளுக்கு மட்டும் முந்தைய நாள் மாலை வரை எதையும் உறுதி செய்வதில்லை. பர்லியாறு சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழி. அங்கேயும் மரம் விழுந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.